யூபோனியமும் புதிய தனியிசையும்

ஓர் இசைக்கருவி நெடுங்காலம் வாழ்வது அதனைச் செய்த மரத்தாலும் உலோகத்தாலும் அன்று. அதற்கென அமைந்த இசையாலேயாம். இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே இரு சான்றுகள் உண்டு. சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் தலைமை பெற்று விளங்கிய யாழ், அதன் இசை வழக்கொழிந்ததோடு தானும் ஒழிந்தது. அதன் உருவையும் நரம்பு முறையையும் மீண்டும் அறிவதற்கே விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட வேண்டியதாயிற்று. நாகசுரமோ இன்றும் வாழ்கின்றது. வாய்ப்பாட்டிலிருந்து அது எத்தனையோ கீர்த்தனங்களைக் கடன் பெற்றிருப்பினும், மல்லாரி என்னும் சொல்லில்லா இசை அதற்கே உரிய சொத்தாக இருக்கின்றது. கடன் வாங்கிய இசை ஒரு கருவியைப் பயன்படச் செய்யும். சொந்த இசையே அதற்கு மதிப்பைத் தரும்.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டு மலாக்கா மாநிலத்துத் தமிழ் மாணவனின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டப்புறங்களிலோ மலாக்கா நகரிலோ ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிற் பயின்றவன், இடைநிலைப் பள்ளிக்குச் செல்கின்றான். அங்கே பேண்டு வாத்தியக் குழு இருப்பின் அதில் சேர்கின்றான். மலாய்மொழியில் அக்குழுவுக்குப் பெயர் பஞ்சராகம். எக்காளமும் முரசும் பலர் கைக்குப் போனபின், பெரிய பித்தளைக் கருவியாகிய யூபோனியம் அவனுக்கு வாய்க்கின்றது. அணிவகுப்பிலும் பள்ளி விழாவிலும் பிறர் ஊதும் மெட்டுக்குத் துணைமெட்டு ஊதுகின்றான். ஐந்தாண்டு கழிகின்றது. விலை மிகுந்த அக்கருவியைச் சொந்தமாக வாங்குதல் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு எளிதன்று. ஆதலின் பள்ளிக்கல்வி முடிந்த நாளில் கருவி பள்ளிக்கே திரும்பிவிடுகின்றது. தனித்து நின்று ஊதத்தக்க உருப்படி ஒன்றேனும் அவன் கற்றிராவிடின், ஐந்தாண்டு உழைப்பில் அவனுக்கென எஞ்சுவது யாது? எஞ்சுவது ஒரு துணைமெட்டின் நினைவு மட்டுமே.

ஆகவே யூபோனியம் பயிலும் மாணவர்க்குத் தனியிசை தேடித் தருதல் பொழுதுபோக்கு முயற்சி அன்று. அவனைக் குழுவின் உறுப்பு என்னும் நிலையினின்று இசைஞன் என்னும் நிலைக்கு உயர்த்துவது அதுவே. எத்தகைய தனியிசையைத் தேடுவது என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

கருவியும் அதன் குரலும்

யூபோனியம் தொன்மையான கருவி அன்று. 1843ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வைமர் நகரைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் சோமர் என்பார் இதன் முன்னுருவை அமைத்தார் என்பர். அதே பத்தாண்டில் பாரிஸில் அடால்ஃப் சாக்ஸ் என்பாரும் இதற்கு நெருங்கிய இனமான கருவிகளைப் படைத்தார். கிரேக்க மொழியில் 'இனிய குரலுடையது' என்பது இதன் பெயரின் பொருள். நீட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 9 அடி வரும் குழாய், சிறுகச் சிறுக விரிந்துகொண்டே செல்வதால் ஒலி வன்மையின்றி உருண்டு திரண்டு வருகின்றது. 1874ஆம் ஆண்டில் டேவிட் பிளெய்க்லி என்னும் ஆங்கிலேயர் வகுத்த ஈடுசெய் வால்வு முறை, தாழ்ந்த சுரங்களில் நேரும் சுருதிப் பிழையைக் குறைத்தது. ஆண்குரலின் எல்லையில் பாடுவதுபோல ஒலிக்கும் இக்கருவி, மெல்லெனப் பாடவும் வல்லது. விரைந்து ஓடவும் வல்லது.

இத்தகைய கருவிக்குப் பேரிசைப் புலவர் பலர் ஏன் எழுதவில்லை எனின், காரணம் ஒன்றே. மேலைநாட்டுச் சிம்பொனிக் குழுவில் யூபோனியத்துக்கு நிலையான இடம் இல்லை. ஹோல்ஸ்ட் தம் 'கோள்கள்' தொகுதியில் செவ்வாய்ப் பகுதிக்கு இதனை ஒத்த டெனர் டியூபாவை அழைத்தது போன்ற சில வாய்ப்புகளே அதற்குக் கிடைத்தன. மொசார்ட்டும் பீத்தோவனும் கருவி பிறக்குமுன்பே மறைந்தவர். எனவே வயலின் மாணவனுக்கு முந்நூறாண்டுச் செல்வம் காத்திருக்க, யூபோனிய மாணவன் ஏறக்குறைய வெறுங்கையனாகவே நிற்கின்றான். ஊர்க்குழுக்களும் இராணுவக் குழுக்களுமே இக்கருவியைப் பேணி வளர்த்தன.

இதிலிருந்து ஒரு முடிவு தானே பெறப்படும். பிற கருவிகளுக்குப் புதிய இசை மரபின்மேல் வைக்கும் கூடுதல் நகை. யூபோனியத்துக்கோ புதிய இசையே மரபு. புதியதை வேண்டாவென்று ஒதுக்குவோர் அக்கருவியின் பெரும்பகுதி இலக்கியத்தையே ஒதுக்குகின்றனர்.

பழைய தனியிசையின் நிறையும் குறையும்

யூபோனியத் தனியிசையின் தொடக்கத்தில் நிற்பது இத்தாலியரான பொங்கியெல்லி 1872ஆம் ஆண்டில் எழுதிய கச்சேரி உருப்படி. அப்போது அவர் கிரெமோனா நகரில் பேண்டுக் குழுத் தலைவராக இருந்தார். இசைநாடகப் பாடகன் ஒருவன் மேடையில் நின்று பாடுவதுபோல அது நடக்கின்றது. அதற்குப் பின்னர்ப் பரவியவை மெட்டும் மாறுபாடுமாக அமைந்த உருப்படிகள். எளிய மெட்டு ஒன்றை முதலில் ஊதிவிட்டு, அதனையே ஒவ்வொரு முறையும் விரைவு கூட்டி அலங்கரித்து ஊதுவது அவற்றின் இலக்கணம். 'வெனிஸ் திருவிழா' என்னும் மெட்டின்மேல் எழுந்த மாறுபாடுகள் இவ்வகைக்குப் பெயர் பெற்றவை. அமெரிக்காவில் சூசாவின் பேண்டுக் குழுவில் இருந்த சிமோன் மான்டியா இத்துறையில் வல்லவராய்த் திகழ்ந்தார்.

இவ்வகையைத் தமிழாசிரியர்க்கு விளக்கச் சித்திரகவியை எடுத்துக் காட்டினால் போதும். நாகபந்தத்திலும் தேர்க்கவியிலும் புலவனின் சொல்லாட்சி வியப்பைத் தருகின்றது. உள்ளம் உருகுவது அரிது. மாறுபாட்டு உருப்படிகளும் விரலையும் நாவையும் பழக்குவதற்குச் சிறந்தவை. அவற்றை மட்டுமே கற்ற மாணவன் விரைவே இசை என்று எண்ணிவிடுவான் என்பதே அவற்றின் குறை.

பொங்கியெல்லிக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1972ஆம் ஆண்டில், ஜோசஃப் ஹோரோவிட்ஸ் எழுதிய யூபோனியக் கச்சேரி உருப்படி இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அரங்கேறியது. மூன்று பகுதி கொண்ட அதன் நடுப்பகுதி மெல்ல நடக்கும் நீண்ட பாட்டு. கருவியின் குரலை அறிந்து எழுதியதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. கார்டன் ஜேக்கப் 1969ஆம் ஆண்டில் எழுதிய ஃபேன்டசியாவும் இவ்வரிசையில் வைக்கத்தக்கதே. இவை சமகால இசை; ஆயினும் சோதனை இசை அல்ல. தேர்ந்த மாணவனே இவற்றை நெருங்க இயலும். நல்ல பியானோத் துணையோ பேண்டுத் துணையோ இன்றி இவை முழுமை பெறா. இறுதியாண்டு மாணவனுக்குக் குறிக்கோளாக இவை நிற்கலாமேயன்றி, முதற்படியாக அமைதல் அரிது.

சோதனை இசையின் வகைகள்

சோதனை இசை என்றவுடன் 'அது வெறும் இரைச்சல்' என்று ஒதுக்குவோர் உண்டு. தொல்காப்பியர் செய்யுளின் வனப்பு எட்டனுள் 'விருந்து' என்பதையும் ஒன்றாக எண்ணினார் என்பதை அன்னோர் நினைவுகொள்ளல் வேண்டும். புதுவதாகப் புனைதலை இலக்கணமே வனப்பு என ஏற்றுக்கொண்டது. புதுமை என்பதற்காகவே ஒன்றைப் போற்றுதலும் தவறு, தூற்றுதலும் தவறு. வகை பிரித்துக் காண்பதே திறனாய்வின் கடன்.

முதல் வகை, புதிய துணையைத் தேடுவது. சாமுவேல் ஆட்லர் 1974ஆம் ஆண்டில் யூபோனியத்துக்கும் மரிம்பாவுக்கும் நான்கு உரையாடல்களை எழுதினார். மரக்கட்டைகளைக் கோலால் தட்டி எழுப்பும் மரிம்பாவின் ஒலி உடனே தேய்ந்து மறைவது. யூபோனியத்தின் ஒலி நீண்டு நிற்பது. இவ்விரண்டின் முரணே அவ்வுரையாடலின் சுவை. ஜான் போடா என்பவர் ஒலிநாடாவில் பதிந்த மின்னிசையையே துணையாக்கி ஒரு சிறு சொனாட்டா அமைத்தார். அவருடைய துணிவு பாராட்டத்தக்கது. எனினும் நாடாவோடு இசைப்பவன் நாடாவின் காலத்துக்கு அடிமை. தவில்காரரைப்போல அது அவனுடைய மூச்சறிந்து விட்டுக்கொடாது. இக்குறையை மாணவனுக்கு முன்னரே உணர்த்திப் பயிற்றினால், காலந்தவறாமைக்கு அதுவே நல்ல பயிற்சியுமாகும்.

இரண்டாம் வகை, கருவியின் உடலையே ஆராய்வது. வால்வைப் பாதி அழுத்தி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குதல், நாவை உருட்டி ஊதுதல், ஊதும்போதே தொண்டையால் வேறொரு சுரம் பாடி இரண்டையும் கலத்தல் ஆகியன இதில் அடங்கும். இத்தாலியர் லூசியானோ பெரியோ 1966ஆம் ஆண்டில் டிராம்போனுக்கு எழுதிய ஐந்தாம் 'செக்வென்சா' இவ்வழியில் பெயர்பெற்றது. இசைப்பவர் நடுவே 'ஏன்?' என்று கேட்டே விடுகின்றார். அது பள்ளி மாணவனுக்கு எட்டாத உயரம். ஆனால் அதன் பயிற்சிமுறைகள் எட்டக்கூடியவை. தொண்டையில் ஆதார சட்சத்தை ஒலித்துக்கொண்டு கருவியில் பஞ்சமத்தை ஊதிப் பழகும் மாணவன், தானே தனக்குச் சுருதிப்பெட்டி ஆகின்றான். செவி கூர்மையடைய இதனினும் நல்ல வழி அரிது.

மூன்றாம் வகை, ஒரே சுரத்துக்குள் இறங்கிப் பார்ப்பது. ஜச்சிந்தோ ஷெல்சி 1976ஆம் ஆண்டில் எழுதிய 'மக்னொங்கான்' சில நிமிடமே நடக்கும் சிறு உருப்படி. ஆழ்ந்த குரலுடைய எக்கருவியாலும் அதனை இசைக்கலாம். மெட்டைத் தேடுவார்க்கு அதில் மெட்டு இல்லை. ஒரு சுரத்தையும் அதன் அக்கம்பக்கத்து நுண்சுரங்களையும் சுற்றிச் சுற்றி வந்து, அச்சுரத்தின் உள்ளிருக்கும் உலகத்தைக் காட்டுகின்றது. மேலைநாட்டு மாணவன் இதனைக் கேட்டுத் திகைப்பான். கோயில் வாயிலில் நாகசுரக்காரர் ஒரே காந்தாரத்தில் நின்று அதனை அசைத்தும் தாங்கியும் காட்டக் கேட்டு வளர்ந்த தமிழ் மாணவனுக்கோ அதில் திகைப்பதற்கு ஒன்றும் இல்லை.

இங்கேதான் சோதனை இசையைப் பற்றிய வழக்கமான கருத்து தலைகீழாகின்றது. இசையறிவு முதிர்ந்தபின் கற்பிக்க வேண்டியது புதிய இசை என்றும், பத்தொன்பதாம் நூற்றாண்டு மெட்டுகளே எளிய தொடக்கம் என்றும் பலர் கருதுவர். மலாக்கா பொய்யாத விநாயகர் கோயில் 1781ஆம் ஆண்டில் எழுந்தது. அங்கும் மாசிமகத்தில் செங் வட்டாரச் சன்னாசிமலை விழாவிலும் நாகசுரமும் தவிலும் கேட்டு, காவடி ஊர்வலத்தில் உறுமி மேளமும் கேட்டு வளர்ந்த செவிக்கு, தாளமற்று விரியும் ஆலாபனையும் அசைந்து நிற்கும் சுரமும் அயலானவை அல்ல. வெனிஸ் மெட்டே அதற்கு அயல். ஆகவே புதிய இசை இம்மாணவனுக்குத் தொலைவில் இல்லை. அவனுடைய ஆசிரியர் எண்ணுவதைவிட அண்மையிலேயே இருக்கின்றது.

சென்னைக்கு வந்த இசைப்புலவர்

இவ்வண்மைக்குச் சான்றாக நிற்பவர் ஆர்மேனிய வழிவந்த அமெரிக்க இசைப்புலவர் ஆலன் ஹோவானெஸ். இவர் 1959-60ஆம் ஆண்டுகளில் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்து கருநாடக இசையைக் கற்றார். அகில இந்திய வானொலியின் சென்னை நிலைய இசைக்குழுவுக்காகத் தென்னிந்தியக் கருவிகளைக்கொண்டே 1960இல் 'நாகூரான்' என்னும் படைப்பை அமைத்தார். நாகூர் தர்காவின் நினைவில் எழுந்தது அது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரால் நினைவிடங்கள் எழுப்பிய கடல்கடந்த தமிழர்க்கு அப்பெயர் புதிதன்று.

இவரே யூபோனிய இனத்துக்கும் எழுதியவர் என்பது பலர் அறியாதது. 'டிரான்' என்னும் மூன்றாம் கச்சேரி உருப்படியை 1948ஆம் ஆண்டிலும், 29ஆம் சிம்பொனியை 1976ஆம் ஆண்டிலும் பாரிடோன் ஹார்ன் தனித்து ஒலிக்குமாறு படைத்தார். அவற்றை யூபோனியத்தில் இசைப்பது வழக்கம். 'டிரான்' சென்னைப் பயணத்துக்கு முந்தியது. ஆதலின் அதில் கருநாடக இசையின் தாக்கத்தைத் தேடுதல் பொருந்தாது. ஆர்மேனியத் திருக்கோயிற் பாடகனின் குரலே அதில் ஒலிப்பது. எனினும் தாங்குசுருதி போன்ற அமைதியான பின்னணியின்மேல் ஒற்றை இழையாக நீளும் பாட்டு, இரு நாட்டு மரபும் சந்திக்கும் இடம் எது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது.

ஹோவானெஸின் இசையில் ஒரே போக்கு திரும்பத் திரும்ப வருகின்றது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் மாணவனுக்கு அது நன்மையாகவே முடிகின்றது. விரல் விரைவை வேண்டாது மூச்சின் நீளத்தையும் சுரத்தின் தூய்மையையும் வேண்டும் இசை அது. நீண்ட தொடரை ஒரே மூச்சில் தாங்கக் கற்றவன் பின்னர் எதையும் கற்பான்.

துணைக்கருவி வாய்க்காத தோட்டப்புற மாணவர்க்கு டேவிட் கில்லிங்ஹாமின் 'புளூ லேக் ஃபேன்டசீஸ்' தனியாகவே குறிப்பிடத்தக்கது. யூபோனியம் ஒன்றே இசைக்கும் சிறு பகுதிகளின் தொகுதி அது. பியானோவும் வேண்டாம், பியானோ வாசிப்பவரும் வேண்டாம். முழுவதையும் கற்க இயலாதவன் ஒரு பகுதியைக் கற்றாலும் அது தன்னளவில் நிறைவுடையது. தமிழில் தனிப்பாடலுக்கு உள்ள சிறப்பு இதற்கும் உண்டு.

மல்லாரி காட்டும் நெறி

பிறநாட்டார் எழுதியதைத் தேடித் தருவதோடு கடமை முடிந்துவிடாது. தமிழிசையிலிருந்து யூபோனியத்துக்குப் புதிய தனியிசை பிறத்தல் வேண்டும். இஃது ஆகுமா எனின், முன்னோர் செய்து காட்டியதே விடையாகும். முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு ஏறத்தாழ 40 நோட்டுசுர சாகித்தியங்களை இயற்றினார். கமகமின்றிச் சங்கராபரணச் சுரங்களில் நேராக நடக்கும் அவை, பேண்டு மேடையிலிருந்து தமிழகத்துக்கு வந்தவை. தொடக்கநிலை மாணவன் அவற்றை மீண்டும் பேண்டுக் கருவியிலேயே ஊதலாம். அண்மைக் காலத்தில் 2019இல் மறைந்த கத்ரி கோபால்நாத் சாக்சபோனில் இராக ஆலாபனை செய்து, சாவிகள் பொருத்திய கருவியிலும் கமகம் வரும் என்று நிறுவினார். அவர் அக்கருவியை முதலில் கேட்டது மைசூர் அரண்மனைப் பேண்டுக் குழுவில் என்பது நினைக்கத்தக்கது. கிளாரினெட்டில் ஏ. கே. சி. நடராஜன் செய்ததும் அத்தகைய தொண்டே.

எனினும் கீர்த்தனத்தை அப்படியே யூபோனியத்தில் ஊதுவது மீண்டும் கடன் வாங்குதலே. கருவிக்கென இயற்றுவது எப்படி என்பதற்கு மல்லாரியே இலக்கணம். இறைவன் திருவுலாப் புறப்படும்போது கம்பீரநாட்டையில் ஒலிப்பது அது. சாகித்தியம் இல்லை, கருவியின் குரலும் தவிலின் நடையுமே அதன் பொருள். ஒரே அமைப்பை மூன்று காலத்தில் ஊதிக் காட்டுதல் அதன் திறம். தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என நிகழ்ச்சிக்கேற்ப வகைகளும் உண்டு. மல்லாரியை எடுத்துப் பள்ளி மேடையில் யூபோனியத்தால் ஊதிவிடுதல் கருத்தன்று; கோயிலுக்குரியது கோயிலிலேயே சிறக்கும். அதன் நெறியைப் பின்பற்றுதலே கருத்து. சொல்லை நம்பாது மூச்சையும் நடையையும் நம்பி இயற்றல் வேண்டும். கருவி ஏன் ஒலிக்கின்றது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியும் வேண்டும். உறுமி மேளத்தின் நடைமீது யூபோனியத்தின் ஆழ்ந்த குரல் மூன்று காலத்தில் எழுமாயின், அதனைச் சோதனை இசை என்று உலகம் அழைக்கலாம். தோட்டத்துச் செவி அதனை உறவென்றே அறியும்.

தடையொன்றும் உண்டு, அதனை மறைத்தல் நன்றன்று. வால்வுகள் சுரத்தைப் படிப்படியாக வெட்டித் தருவன. நாகசுரத்தின் துளைகள்போல விரலால் நுண்மையாக மூடித் திறக்க இயலாதன. தோடியின் அசைவை யூபோனியத்தில் முழுமையாகக் கொணர்தல் கடினம். ஆனால் உதட்டின் இறுக்கமும் பாதி அழுத்திய வால்வும் ஒரு பகுதியைத் தரும். திமிரி நாயனம் ஓங்கிய காலத்தில் பாரி நாயனத்தைக் கொணர்ந்து நாகசுரத்தின் குரலையே தாழ்த்தி ஆழப்படுத்திய திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையைத் தந்த மரபு இது. தடையைக் கண்டு இம்மரபினர் நின்றுவிடல் ஆகாது.

ஆசிரியர் கடன்

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஒவ்வொருவர்க்கும் தகுதி கூறினார். பலர் கூடியே ஒரு கலைஞரை உருவாக்குகின்றனர் என்பதே அதன் உட்பொருள். பேண்டுப் பயிற்சியாளர் ஒருவரே எல்லாம் செய்வார் என்று எதிர்பார்த்தல் முறையன்று. தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களைச் செய்யுளுக்கு உரை கூறும்போது மட்டும் சொல்லி விடாது, பாடிக் காட்டிச் செவிக்கு ஏற்றினால், அச்செவியே பின்னர்ப் புதிய இசைக்கு வாயிலாகும்.

தேடுவார்க்கு வழிகளும் உண்டு. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஏபிஆர்எஸ்எம் தேர்வுகள் மலேசியாவிலும் நடைபெறுகின்றன. அதன் யூபோனியப் பாடத்திட்டம் எந்த உருப்படி எந்தப் படிக்கு ஏற்றது என்பதைக் காட்டும். அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட யூபோனிய இசைக் கையேடு பெருந்திரட்டு. பொங்கியெல்லியின் உருப்படி காப்புரிமைக் காலம் கடந்தது. புதியவற்றை விலைகொடுத்து வாங்குதலே இயற்றியவர்க்குச் செய்யும் நன்றி. வாங்கும்போது ட்ரெபிள் கிளெஃபில் எழுதியதா, பேஸ் கிளெஃபில் எழுதியதா என்று பார்த்தல் வேண்டும். மாணவன் படிக்கப் பழகியது ஒன்று, வந்து சேர்ந்தது மற்றொன்று என்றானால் ஆர்வம் தொடக்கத்திலேயே அவிந்துவிடும்.

படிமுறையும் தெளிவே. நோட்டுசுரத்தில் தொடங்கலாம். தாங்குசுருதியோடு ஆலாபனைப் பயிற்சி அடுத்தது. துணையில்லாத் தனியுருப்படியின் ஒரு பகுதி அதற்கும் மேல். ஹோவானெஸும் ஆட்லரும் அடுத்த படி. ஹோரோவிட்ஸ் முடிவில் வரட்டும். மாறுபாட்டு உருப்படிகள் விரற்பயிற்சியாக இடையிடையே நிற்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி விழாவில் யூபோனிய மாணவன் ஒருவன் ஐந்து மணித்துளி தனித்து நிற்க இடந்தரல் வேண்டும். அமெரிக்கரான பிரையன் போமன் 1976ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கார்னகி கலையரங்கில் தனிக் கச்சேரி நிகழ்த்தும்வரை அவ்வரங்கும் இக்கருவிக்குத் திறவாமலே இருந்தது. கருவி தாழ்ந்ததன்று, அழைப்பே தாமதமாக வந்தது.

தோட்டங்கள் சுருங்கி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். பெயர்ந்தவர்கள் கையில் எடுத்துச் செல்லக்கூடியன சிலவே. கருவியைப் பள்ளி திரும்பக் கேட்கும். கற்ற தனியிசையை எவரும் திரும்பக் கேட்க இயலாது.